பனிக்காலத்து மாட்டு மணி

தோற்றுப்போன படையைப் பற்றி எழுத யாருக்கும் கை வராது. வென்றவன் சிலை வைப்பான், தோற்றவன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போவான். நான் வீட்டுக்குக்கூட ஒழுங்காகப் போகவில்லை. தோற்று ஓடிவந்த நாட்டிலேயே தங்கி, பெண் கட்டி, முப்பது வருடமாக மாடு மேய்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தோல்வியால் இவ்வளவு லாபம் அடைந்த சிப்பாய் ஐரோப்பாவில் வேறு எவனாவது இருந்தால் அவன் என்னை வந்து பார்க்கட்டும். என் லாபத்துக்கெல்லாம் காரணம் எல்வினா பார்பெசா என்ற மாட்டுக்காரி. போன பிப்ரவரியில் அவளை அடக்கம் செய்தோம். அவளைப் பற்றி நாலு வார்த்தை எழுதி வைக்காவிட்டால் எனக்குத் தொண்டையில் ரொட்டி இறங்காது.

எங்கள் ஊர் கோம்ப்-நுவார், சுவிட்சர்லாந்தில், பிரான்சு எல்லையை ஒட்டிய மலைமடிப்பில் இருக்கிறது. எல்வினா இந்த ஊரின் பொது மாட்டுக்காரி. ஜூனில் எல்லா வீட்டு மாடுகளையும் மேல் மலைப் புல்வெளிக்கு ஓட்டிப் போவாள், இலையுதிர்காலத்தில் திரும்ப ஓட்டி வருவாள். குட்டையான உருவம், ஆண்களுடையதைப் போன்ற மணிக்கட்டு, மேலங்கிப் பையில் எப்போதும் மூக்குப்பொடி. குரல் மட்டும் அந்த உடம்புக்குப் பொருந்தாது. ஒரு மலையில் நின்று திட்டினால் அடுத்த மலையில் இருப்பவனுக்குச் சுருக்கென்று தைக்கும். கல்யாணமான இரண்டாம் வருடம் அவள் புருஷன்மேல் வெட்டிய மரம் சாய்ந்துவிட்டது. மறுபடி ஏன் கட்டிக்கொள்ளவில்லை என்று ஒருமுறை கேட்டேன்.

"ஒருத்தனப் பழக்கி எடுக்கறதுக்குள்ளயே எனக்குப் பாதி உசுரு போச்சு. இன்னொருத்தனப் பழக்க மீதி உசுர நான் எங்க போய் வாங்கறது?" என்றாள். ஆனாலும் அவன் தொப்பி கடைசிவரை கதவுக்குப் பின்னால் தொங்கியது.

இந்த ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மாடுகள் மலையிலிருந்து இறங்கியதும் அவற்றின் கழுத்து மணிகளைக் கழற்றி, நாக்கில் துணி சுற்றி, தொழுவத்து உத்தரத்தில் மாட்டிவிடுவார்கள். பனி தரையில் கிடக்கும்வரை மாட்டு மணி ஒலிக்கக் கூடாது. ஒலித்தால் பனிக்குக் கோபம் வந்து கிளம்பாமல் உட்கார்ந்துவிடும் என்பார்கள். வசந்தம் தள்ளிப்போனால் காய்ந்த புல் தீரும், மாடு பால் வற்றும், பிறகு மனிதன் பாடும் திண்டாட்டம்தான். இந்தக் கட்டுப்பாட்டுக்கு எல்வினாதான் காவல்காரி. குளிர்காலத்தில் எந்தப் பிள்ளையாவது விளையாட்டாக மணியைத் தொட்டால் காது சிவக்கத் திருகிவிடுவாள். போதகரின் மனைவியே ஒருமுறை அவளிடம் மாட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டாளாம்.

இனி எங்கள் கதைக்கு வருகிறேன். 1871 ஜனவரி. பெல்ஃபோர் கோட்டையைப் பிரஷ்யர்களின் முற்றுகையிலிருந்து மீட்கப் போன பிரெஞ்சுப் படை எங்களுடையது. கோட்டையை நாங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஒரு சின்ன ஆற்றைத் தாண்ட முடியாமல் மூன்று நாள் செத்துச் செத்து விழுந்தோம், பிறகு திரும்பினோம். உறைபனியில் காகிதம்போலக் கிழியும் பூட்சு. பசி பொறுக்காத குதிரைகள் ஒன்றின் வாலை ஒன்று கடித்துத் தின்றன. இந்த நிலையில் போர்நிறுத்தம் என்று செய்தி வந்தது. தொப்பிகளை வானத்தில் எறிந்து, கட்டிப்பிடித்து அழுதோம். மறுநாள்தான் தெரிந்தது, கையெழுத்துப் போட்ட பெரிய மனிதர்கள் எங்கள் பகுதியை மட்டும் அதில் சேர்க்கவில்லை என்று. நாடு முழுக்கப் போர் நின்றுவிட்டது, எங்களுக்கு மட்டும் நடந்துகொண்டிருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

பிரஷ்யர்கள் மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டார்கள். மிச்சமிருந்த பக்கம் சுவிட்சர்லாந்து. துப்பாக்கியைக் கீழே போட்டால் உள்ளே விடுகிறோம் என்றார்கள். பெரும்படை லே வெரியேர் சாலையில் போனது. பின்தங்கிய நாங்கள் கொஞ்சம் பேர் கோம்ப்-நுவார் காட்டுப்பாதையில் ஏறினோம். என் அண்ணன் எலுவாவும் என்னோடு இருந்தான். நாங்கள் பிரான்சின் ஓவெர்ன் பகுதி மாட்டுக்காரக் குடும்பம், ஒரே ஊர்ப் படைப்பிரிவு. பனியில் பாதை தெரிவதற்காக இந்த ஊர்க்காரர்கள் இருபுறமும் கம்பு நட்டிருப்பார்கள். எங்களுக்கு முன்னால் போன புண்ணியவான்கள் அதையெல்லாம் பிடுங்கிக் குளிர்காய எரித்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, நாங்களும் அந்தச் சாம்பலில்தான் கை வைத்துச் சூடேற்றினோம்.

எல்லையைத் தாண்டித் துப்பாக்கியைக் குவியலில் எறிந்த கொஞ்ச நேரத்தில் எலுவாவால் நடக்க முடியவில்லை. இன்னும் ஏழெட்டுப் பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

"நீ போடா ஜெரோ. உனக்குத்தான் கால் இருக்கு. எங்கயாவது வீடு தெரிஞ்சா ஆளக் கூட்டிட்டு வா" என்றான் எலுவா.

நான் இறங்கி ஓடினேன். ஊர் தெரிந்தது. முதல் வீடு எல்வினாவுடையது. அவள் தொழுவத்தில் ஏற்கெனவே பத்துப் பதினைந்து பேர் அவளுடைய ஒரே மாட்டைச் சுற்றிச் சுருண்டு கிடந்தார்கள். உருளைக்கிழங்குச் சட்டியோடு அவர்களுக்கு நடுவே திட்டிக்கொண்டே போய்வந்துகொண்டிருந்தாள்.

"மெதுவாத் தின்னுங்கடா! சட்டி ஓடிப்போயிராது. உங்க தளபதி மாதிரின்னு நெனைச்சீங்களா?"

நான் அண்ணனைப் பற்றிச் சொன்னேன். உடனே ஆட்களை அனுப்பினாள். ஆனால் அவர்கள் காட்டு விளிம்பை எட்டுவதற்குள் பனிப்புயல் இறங்கிவிட்டது. என் கால்தடம் மூடிப்போனது, கம்புகளும் இல்லை, நீட்டிய கை தெரியவில்லை. திரும்பி வந்து, கோயில் மணியை அடிக்கச் சொன்னார்கள். புயலில் வழி தவறியவன் ஓசையைப் பிடித்துக்கொண்டு வருவான் என்பது இந்த மலைக்காரர்களின் வழக்கம். எத்தனையோ தலைமுறையாக அப்படித்தான் ஆட்களை மீட்டிருக்கிறார்கள்.

மணி அடித்தது. தொழுவத்தில் கிடந்த அத்தனை பேரும் துள்ளி எழுந்து கதவைப் பார்த்து ஓடினோம். ஒருவன் இல்லாத துப்பாக்கியைத் தேடி வைக்கோலைக் கிளறினான். இன்னொருவன் மாட்டின் அடியில் புகுந்துகொண்டான்.

எல்வினா கதவை மறித்து நின்றாள். "எங்கடா ஓடுறீங்க? உங்களுக்கு என்ன பேய் புடிச்சுதா?"

"மணியடிக்குதேம்மா! பிரஷ்யன் வந்துட்டான்!" என்று கத்தினேன் நான்.

"பிரஷ்யனா? கோயில் மணிடா அது. வழி தெரியாதவனக் கூப்புடறோம்."

"எங்க ஊர்ல மணியடிச்சா எதிரி வர்றான்னு அர்த்தம்மா. ஒரு மாசமா எந்த ஊர்ல மணி அடிச்சாலும் அடுத்தாப்ல பீரங்கிதான். கேட்ட உடனே எதிர்ப்பக்கமா ஓடித்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கோம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. காட்டுக்குள் எலுவாவும் அதே மணியைக் கேட்டுக்கொண்டிருப்பான். காப்பாற்ற அடிக்கிற ஒவ்வொரு அடியும் அவனை இன்னும் உள்ளே துரத்திக்கொண்டிருந்தது. எல்வினாவுக்கும் அது அந்த நொடியே புரிந்துவிட்டது. தெருவில் இறங்கி ஒரு கூச்சல் போட்டாள், மணி நின்றது.

பிறகு என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "எதக் கேட்டா உங்க அண்ணன் பயப்படமாட்டான்? சொல்லு!"

"முரசு…" என்றேன். இல்லை, முரசைக் கேட்டால் செத்தே விடுவான். பாட்டா? பிரஷ்யனும் பாடிக்கொண்டுதான் வந்தான். எனக்கு அழுகை வந்தது. அப்போதுதான் உத்தரத்தைப் பார்த்தேன். துணி சுற்றிய இரண்டு சின்ன மணிகள்.

"மாட்டு மணி. எங்க ஊர்ல அந்தச் சத்தம் கேட்டா பக்கத்துல வீடு இருக்கும்மா. பால் இருக்கும்" என்றேன்.

அவள் மணிகளையும் வெளியே கிடந்த பனியையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போனது. எனக்கு அப்போது காரணம் தெரியாது. ஒரு மணியை எடுக்க இந்த அம்மாள் ஏன் இப்படித் தயங்குகிறாள் என்று உள்ளே கொதித்தேன். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள், இரண்டையும் கழற்றினாள், பல்லால் கடித்துத் துணியை அவிழ்த்தாள். "கடவுளே, இந்தப் பாவம் என் கணக்குல" என்று முணுமுணுத்தபடி வெளியே போனாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

சின்ன மணிகள் காடுவரை எட்டாது. ஊரிலேயே பெரிய மணி நூமா ஜிருவினுடையது. முன்னால் நடக்கும் மாட்டுக்கான வெண்கல மணி, ஊரார் அதற்குப் 'பெரியவள்' என்று பெயரே வைத்திருந்தார்கள். எல்வினா அவன் கதவைக் காலால் உதைத்தாள்.

"நூமா, பெரியவள எறக்கு. எனக்கு வேணும்."

"உனக்குக் கிறுக்கா? வெளிய பனி பாத்தியா? போன வருசம் என் மக மணியத் தொட்டாள்னு அவ காதத் திருகினவ நீதான!"

"ஆமா, திருகினேன். இப்ப என் காத நீ திருகிக்க. மணியக் குடு."

"முடியாது. பிரெஞ்சுக் குதிரைங்க தின்னது போக, என் பரண்ல கால்வாசிப் புல்லுகூட இல்ல. ஏப்ரல்ல பனி போகலன்னா என் மாடுங்க எதத் திங்கும்?"

"என் மாட்டோட பங்கத் திங்கட்டும்."

"உன்கிட்ட இருக்கறது ஒத்த மாடு."

"ஒத்த மாட்டோட பங்குதான் தர்றேங்கறேன், ஊர் மாட்டோட பங்கையா தர்றேன்னேன்?"

நூமா கதவைச் சாத்திவிட்டான். கெட்டவன் அல்ல, அவன் தொழுவத்திலும் இருபது சிப்பாய்கள் இருந்தார்கள். பயந்தவன், அவ்வளவுதான். நாங்கள் திரும்பும்போது அவன் வீட்டு மாடி ஜன்னல் திறந்து ஒரு கன்றுக்குட்டி மணி பனியில் வந்து விழுந்தது. எறிந்தவள் அவன் மகள் லீனா, காது திருகப்பட்ட அதே லீனா. பின்னாளில் நான் அவளைத்தான் கட்டிக்கொண்டேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மற்ற வீடுகளில் சிலர் சிலுவை பார்த்த சாத்தான்போல முகம் திருப்பிக்கொண்டார்கள். சிலர் கொடுத்தார்கள். பெண்கள்தான் அதிகம் வந்தார்கள். காட்டு விளிம்பில், ஒருத்தியின் மணி அடுத்தவளுக்குக் கேட்கும் தூரத்தில், எல்வினா அவர்களை வரிசையாக நிறுத்தினாள்.

"வேகமா ஆட்டாதீங்கடி! மாடு மிரண்டு ஓடுதுன்னு நெனைப்பானுக. மேயற மாதிரி ஆட்டுங்க. ரெண்டு வாய் புல்லு, ஒரு அடி. ரெண்டு வாய் புல்லு, ஒரு அடி. சூசெட், உன் மாடு என்ன கல்யாணத்துக்கா போவுது? மெதுவா!"

அந்தப் புயலில், முழங்கால் பனியில், இல்லாத மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. நான் வாழ்க்கையில் கேட்ட ஓசைகளிலேயே அழகானது அதுதான். எங்கள் ஊர்ச் சரிவும் என் அப்பாவின் மந்தையும் கண்முன் வந்து, நான் நின்ற இடத்திலேயே தேம்பினேன். எல்வினா பின்னந்தலையில் ஒரு தட்டுத் தட்டி என் கையிலும் ஒரு மணியைத் திணித்தாள்.

வெளிச்சம் மங்குகிற நேரத்தில் மரங்களுக்கிடையே ஏதோ அசைந்தது. முதலில் வந்தவன் எலுவாதான். தலையெல்லாம் பனி, கால்களில் சாக்கு. பக்கத்தில் என்னைப் பார்த்தும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. சுற்றுமுற்றும் தேடினான்.

"மாடு எங்க?" என்றான்.

"நான்தாண்டா மாடு. உள்ள வா" என்றாள் எல்வினா.

அவனுக்குப் பின்னால் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் வந்தார்கள். கோயில் மணி கேட்டதும் எழுந்து எதிர்ப்பக்கமாகத்தான் நடந்தார்களாம். எல்லோரும் வரவில்லை. இரண்டு பேரைப் பனி கரைந்த பிறகுதான் கண்டெடுத்தார்கள், இந்த ஊர்க் கல்லறையில் இருக்கிறார்கள். என் அண்ணன் கால் விரல்களில் பாதியை விட்டுவிட்டு, உயிரைக் கொண்டு போனான். இன்றைக்கு ஓவெர்னில் பேரன் பேத்தியோடு இருக்கிறான், வருடா வருடம் ஒரு பெரிய பாலாடைக்கட்டி அனுப்புவான். "நம்ம ஊர்ச் சரக்கு கிட்ட நிக்குமா இது?" என்று சொல்லிக்கொண்டே எல்வினா ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் தின்பாள்.

அந்த வருடம் பனி கிளம்பவே இல்லை. ஏப்ரல் முடிந்தும் வயல் வெள்ளையாகவே கிடந்தது. ஊரார் வாய்விட்டே சொன்னார்கள், எல்வினாவின் வேலை என்று.

"குதிரைங்க தின்னது புல்லையா, மணியையா?" என்று அவள் திருப்பிக் கேட்பாள். ஆனால் நூமாவின் பரண் காலியான அன்று, தன் மாட்டின் புல்லைக் கட்டாகக் கட்டி முதுகில் சுமந்து போய் அவன் வாசலில் போட்டாள். நான் அப்போது எலுவாவோடு ஓவெர்னுக்குத் திரும்பிவிட்டிருந்தேன், இதை லீனாதான் சொன்னாள். மணி கொடுக்காதவனுக்குப் புல் எதற்கு என்று கேட்டவர்களிடம், "பனி அவன் வாசல்லயும்தான கெடக்குது" என்றாளாம். நூமா வாங்கிக்கொண்டான். வாங்காமல் என்ன செய்வான், மாடுகள் கத்தின. மே முதல் வாரம் எல்வினா தன் மாட்டை விற்றாள்.

எங்கள் அப்பாவின் நிலம் அண்ணனுக்கு. எனக்கு அங்கே வேலை இல்லை, மனமும் ஒட்டவில்லை. அடுத்த ஜூனில் மலைப் புல்வெளிக்கே வந்து நின்றேன்.

"எதுக்கு வந்த?" என்றாள்.

"நன்றி சொல்ல வந்தேன்."

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சரி, அந்தச் சாணிய அள்ளு."

அள்ள ஆரம்பித்தவன்தான், இன்னும் அள்ளிக்கொண்டிருக்கிறேன். புராட்டஸ்டண்ட் ஊர்ப் பெண்ணைக் கத்தோலிக்கப் பயலுக்குக் கொடுக்க நூமா முரண்டு பிடித்தபோது, "சாணில என்னடா கத்தோலிக்கச் சாணி?" என்று கேட்டு மடக்கியவளும் அவள்தான். லீனாவோடு எனக்குக் கிடைத்த ஒவ்வொரு நல்ல நாளுக்கும் நான் அவளுக்குக் கடன்பட்டவன்.

வசந்தம் தள்ளிப்போகும் ஒவ்வொரு வருடமும் ஊரில் யாராவது வம்பிழுப்பார்கள். "என்ன எல்வினா, இந்த வருசமும் எவனையாவது காப்பாத்தினியா?" அவளும் சிரித்துக்கொள்வாள். ஒருமுறை நான் அவளுக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, மணிக்கும் பனிக்கும் என்ன சம்பந்தம், எல்லாம் வெறும் பேச்சு என்றேன். அப்போதுதான் உண்மையாகக் கோபப்பட்டாள்.

"வெறும் பேச்சா? பனி போவாதுன்னு நல்லாத் தெரிஞ்சுதான் அடிச்சேன். என் மாடு பட்டினி கெடக்கும்னு தெரிஞ்சுதான் அடிச்சேன். அத எங்கிட்டருந்து புடுங்காதடா."



இந்த ஜனவரியில் படுத்தாள். போன கோடையில் மழை சரியில்லை, எல்லார் பரணிலும் புல் குறைவு. நானும் லீனாவும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டோம். ஒரு நாள் என் கையைப் பிடித்தாள்.

"உன் புத்தி எனக்குத் தெரியும். நான் போனா மணிய எடுத்து ஆட்டணும்னு நெனைப்ப. ஆட்டக் கூடாது. புல்லு இல்ல. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். வேறு வழியில்லை. அவளிடம் சத்தியம் செய்துவிட்டு மீறுகிறவன் இந்த மலையில் பிறக்கவில்லை.

பிப்ரவரியில் போய்விட்டாள். அடக்கத்தன்று பனி கொட்டியது. சவப்பெட்டியைச் சறுக்குவண்டியில் வைத்து நான்கு பேர் இழுத்தோம். கோயில் மணி முறைப்படி அடித்து ஓய்ந்தது. பிறகு எங்கள் பூட்சுச் சத்தம் மட்டும்தான். எனக்குக் கை பரபரத்தது. நான் உயிரோடு நடக்கிறேன், அண்ணன் உயிரோடு இருக்கிறான், இவளுக்கு ஒரு ஓசைகூடக் கொடுக்க முடியவில்லையே என்று என்னையே நொந்துகொண்டேன்.

அப்போது பின்னால் கேட்டது. கனத்த வெண்கல ஓசை. ரெண்டு வாய் புல்லு, ஒரு அடி.

திரும்பினேன். என் மாமனார் நூமா. கிறிஸ்துமஸுக்குப் பிறகு படியிறங்காத கிழவர். பெரியவளை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் மூச்சு வாங்கி வந்துகொண்டிருந்தார்.

நான் ஓடிப் போனேன். "மாமா, வேண்டாம். அவங்க கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காங்க."

"உங்கிட்டத்தான வாங்கினா? எங்கிட்ட வாங்கலையே" என்றார். கண்ணும் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தன. "எங்கிட்ட அவ ஆயுசுக்கும் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதத்தான் கொண்டாந்திருக்கேன். தள்ளு."

தள்ளி நின்றேன். அவர் வண்டிக்கு முன்னால் போனார், மந்தைக்கு முன்னால் போகிற மாடு போல. லீனா தன் அங்கிக்குள்ளிருந்து கன்றுக்குட்டி மணியை எடுத்தாள். பிறகு ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. அன்று சிலுவை பார்த்த சாத்தான்போல முகம் திருப்பியவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் மணியோடு வந்தார்கள். யாரும் அவசரப்பட்டு ஆட்டவில்லை. கோம்ப்-நுவார் ஊரின் மாடுகளெல்லாம் பனியில் மேய்ந்தபடி எல்வினாவைக் கொண்டுபோய்ச் சேர்த்தன. நான் மட்டும் சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு, வெறுங்கையோடு, அழுதுகொண்டே வண்டியை இழுத்தேன்.

இந்த வருடம் பனி மே மாதம்வரை கிடந்தது. புல் தீர்ந்தவன் வீட்டுக்குப் புல் இருந்தவன் சுமந்து போனான். வசந்தம் ஏன் வரவில்லை என்று ஊரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.